நாத்தனாரின் சர்க்கரையில்லாத கிரீம் பஃப்

என் நாத்தனாருக்கு ரத்தம் எடுப்பதுதான் வேலை. தெருவில் அவளை ஊசியம்மா என்பார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்மாடியில் இருக்கும் லேபில் பதினெட்டு வயதில் சேர்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் அங்கேதான் இருக்கிறாள். விடிந்தும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "குத்தப் போறேன்" என்று அவள் சொல்லும்போது குத்தி முடித்திருப்பாள். அதனாலேயே பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள், மாடி அறையில். அண்ணியும் நாத்தனாரும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அவளோடு சண்டை போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. நான் சுருக்கென்று ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்லமாட்டாள். "எதனால அப்படித் தோணுது அண்ணி?" என்பாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பாள். அப்படிக் கேட்கிறவளிடம் யார் மேற்கொண்டு சண்டை போடுவது?

எல்லாவற்றிலும் அப்படித்தான். மிக்ஸி ஏன் சூடாகிறது என்று பிரித்துப்போட்டவள், சோப்பு நுரை ஏன் வெள்ளையாகவே இருக்கிறது என்று குளியலறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவள். பிரித்ததைப் பூட்டுவது அவள் அண்ணனின் பொறுப்பு. அவர் என் வீட்டுக்காரர். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை அகலத்தில் கண்ணாடிக் கூண்டு போட்டு உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். அவருக்குப் பேச்சு கம்மி. தன் பங்குப் பேச்சையும் எனக்குச் சேர்த்து வைத்துவிட்டார் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலக்கண் பாலூற்றின மாதிரி ஆகிவிட்டது. இடக்கண்ணும் அதே வழியில் கிளம்பியிருந்தது. வாட்சுக்குள் இருக்கும் முடிப் பருமன் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டிய கண் அது. வாங்கி வைத்த வாட்சுகளைத் தொடாமலே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் சர்க்கரை இந்த உயரத்தில் இருக்கும்போது கத்தி வைக்கமாட்டேன், சில வாரம் வீட்டில் அளந்து பாருங்கள், குறைந்து நிலையாக நின்றபிறகு லேப் ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சர்க்கரை இறங்கினால் கண், கண் வந்தால் கடை. எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

இவரும் விட்டார். சாதத்தை விட்டார், ரொட்டியை விட்டார், டீயில் சர்க்கரையை விட்டார். ஒன்றே ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றார். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேக்கரியின் கிரீம் பஃப். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளே ஒன்றுமில்லாமல் உப்பின ஓடு, அதற்குள் முட்டைக் கிரீம். தினம் சாயங்காலம் ஒன்று. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, நாற்பது வயதில் பிடித்துக்கொண்டது. "மத்ததெல்லாம் விட்டேன்ல" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். நான் கத்திப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், பேக்கரிக்காரரிடம் கொடுக்காதே என்று சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை.

நாத்தனார்தான் ஒருநாள் அந்த பஃப்பைக் கத்தியால் இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இது நடுவுல எப்படி அண்ணி இப்படி வெத்தா இருக்கு? யார் குடைஞ்சா?" என்றாள். எனக்கென்ன தெரியும்? வாங்கித் தின்றிருக்கிறேனே தவிர உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் பேக்கரிக்காரரைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவர் மாவு மூட்டை அளவுக்கு மனுஷர், வாயும் அந்த அளவுக்கு உண்டு. தண்ணீரும் வெண்ணெயும் கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிளற வேண்டும், ஆறினதும் முட்டையை அடித்துச் சேர்க்க வேண்டும், நல்ல சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவைத் தள்ளும், மாவில் இருக்கும் பசை அந்த ஆவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஓடு காய்கிறவரைக்கும் கதவைத் திறக்கக்கூடாது, திறந்தால் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல், சர்க்கரையும் மாவும் இல்லாமல் இதைச் செய்தால் தன் மீசையை எடுத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். இவள் திரும்பி வந்ததும் மேசைமேல் வைக்கிற ஓவன் அடுப்பு ஒன்று வாங்கினாள்.

அதற்குப் பிறகு என் சமையலறை என்னுடையதாக இல்லை. காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வருவாள், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள். முதலில் பாதாம் மாவு. அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே மாவு கொஞ்சம் எழும்பும், யோசிக்கும், படுத்துவிடும். எடுத்துப் பார்த்தால் பிஸ்கட். சிரித்துவிடுவேனோ என்று நான் பின்பக்கம் போய்விடுவேன். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. படுத்ததை எடுத்துவைத்துக்கொண்டு ஏன் படுத்தது என்று அதையே கேட்பாள்.

ஒரு விஷயம் எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு தட்டு சாதாரண கிரீம் பஃப்பும் செய்வாள், மைதாவும் சர்க்கரையும் போட்டு. சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் இது என்ன கூத்து என்று கேட்டேன். லேபில் எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்தில் விடை தெரிந்த ஒன்றையும் வைத்துத்தான் செய்வார்களாம். "இது மட்டும் சரியா வந்து அது வரலைன்னா தப்பு மாவுல. ரெண்டுமே வரலைன்னா தப்பு அடுப்புல. இல்லேன்னா எதைக் குத்தம் சொல்றது?" என்றாள். அந்தச் சாதாரண தட்டு மறுநாள் லேபுக்குப் போய்விடும். அங்கே இருந்த பெண்களுக்கு அந்த மாதம் யோகம்தான்.

பாதாம் பிஸ்கட்டின்மேல் இனிப்பில்லாத கிரீமைத் தடவி இவரிடம் நீட்டுவாள். சர்க்கரைக்குப் பதிலாக ஏதோ ஒரு பொடி, தின்றால் வாய்க்குள் ஜன்னல் திறந்த மாதிரி ஜில்லென்று இருக்கும். இவர் முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு பாப்பா" என்பார். பேக்கரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார், அதுதான் பேச்சு. இரண்டு மணி நேரம் கழித்து, அவர் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டு எடுத்து அளப்பாள். இடக்கையில்தான் எடுக்க வேண்டும், வலக்கை வேலை செய்கிற கை என்பார். அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. நான் கண் டாக்டரிடம் என்றைக்குப் போகலாம் என்று காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனால் பாப்பாவுக்குப் பிஸ்கட் போதவில்லை. உப்ப வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தாள் ஒருநாள். பால் மாதிரி தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் கையில் சூயிங்கம் மாதிரி ஒரு பசை நின்றது. மாவுச்சத்து போய்விட்டது, பசை மட்டும் இருக்கிறது, ஆவியைப் பிடிக்கப்போகிறது இதுதான் என்று என்னைக் கூப்பிட்டு இழுத்து இழுத்துக் காட்டினாள். அதைப் பொடியாகவே விற்கிறார்களாம், ரொட்டி நன்றாக எழும்பப் போடுகிறதாம். பேக்கரிக்காரரே ஒரு பொட்டலம் கொடுத்தார். மீசைக்கு ஆபத்து என்று தெரிந்தும் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இவள் அதையும் நம்பாமல் லேபிலிருந்து அயோடின் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். மாவுச்சத்து இருந்தால் கறுத்துவிடுமாம். லேசாகத்தான் நிறம் மாறியது. இதனால் ஒன்றும் ஆகாது என்றாள்.

பாதாம் மாவில் அந்தப் பொடியைக் கலந்து வைத்த அன்றைக்கு நானும் முக்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். எழும்பியது. யோசிக்கவில்லை, படுக்கவில்லை, உப்பிக்கொண்டே போய் அப்படியே நின்றது. என் நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் தொடுகிறவள் இல்லை, ஊசி குத்துவதற்குத் தவிர. இவரைக் கூப்பிட்டுக் கையில் ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதைக் காதோரம் வைத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வெத்தா இருக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு யார் கொடுத்துவிட முடியும்?

இப்போது ஒரு புதுச் சிக்கல். இரண்டு தட்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. எது சர்க்கரை போட்டது, எது போடாதது என்று எனக்கே தெரியவில்லை. கண் மங்கின மனுஷர் மாற்றி எடுத்துவிட்டால்? லேபில் சீட்டு ஒட்டாமல் ஒரு குழாயைக்கூட வைக்கமாட்டாள் அவள். சாதாரண பஃப்புகளின் தலையில் வெள்ளையாக ஏதாவது தூவிவிடலாம், அது அவர் கண்ணுக்கும் தெரியும் என்று முடிவு செய்தாள். பொடித்த சர்க்கரை ஈரத்தில் கரைந்து காணாமல் போனது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியை வாங்கிவந்தாள். அது பவுடர் மாதிரி அப்படியே நின்றது.

தூவுகிற வேலையை இவர் தனக்குக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடையில் பாதி நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. தன் பங்கு பஃப்பைச் சாப்பிட்டு முடித்ததும் மேசையில் உட்காருவார். இடக்கையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் ஒரு சிட்டிகை தூவுவார். கண் தெரியாவிட்டாலும் அந்தக் கைக்கு அளவு தெரியும். முடிந்ததும் மெத்தென்ற தோல் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். வாட்ச் வேலைக்காரர்கள் கையை நனைக்கமாட்டார்கள், ஈரம் பட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும். முப்பது வருஷப் பழக்கம், வீட்டிலும் அப்படித்தான்.

அந்த வாரம் அளவு ஏறியது. சும்மா ஏறவில்லை, முந்நூறைத் தொட்டது. அடுத்த விரலில் எடுத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. மறுநாள் இன்னும் கொஞ்சம். தாகமாக இருக்கிறதா, ராத்திரி எழுந்து போகிறாயா என்று தோண்டித் துருவிக் கேட்டாள். ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார் இவர். மெஷின் பொய் சொல்லாது என்றாள் அவள்.

கடைசியாக மாறினது என்ன? அந்தப் பசைப் பொடி. கழுவிக் கழுவி எடுத்தாலும் கோதுமை கோதுமைதானே, உடம்புக்குள் போய் ஏதோ செய்கிறது என்று தீர்மானித்தாள். "நான்தான் அண்ணி குடுத்தேன். நல்லா இறங்கிட்டு இருந்துச்சு. உப்பணும்னு ஆசைப்பட்டு நானே ஏத்திவிட்டேன்" என்று சொன்னபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவள், அண்ணன் ரத்தத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். கிரீம் பிழிகிற பையைக் கழுவிக் காயப்போட்டாள். அடுப்பின் வயரைச் சுருட்டிக் கட்டி, துணி போட்டு மூடி, பேக்கரிக்காரருக்கே கொடுத்துவிடப்போகிறேன் என்றாள். சமையலறை திரும்பக் கிடைக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

அப்போதுதான் இவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். "உன் பஃப் ஒண்ணும் பண்ணலை பாப்பா. நான்தான் கீழ போய் வாங்கித் தின்னேன்."

எத்தனை நாளாக என்று கேட்டாள். இந்த வாரம் முழுக்க என்றார். தினமுமா என்றாள். தலையை ஆட்டினார்.

நான் எத்தனையோ தடவை இந்த மனுஷரிடம் சத்தம் போட்டிருக்கிறேன். என் நாத்தனார் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை. "உன் கண்ணுக்காகத்தானே மாசக்கணக்கா நிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அண்ணனோடு பேச்சு நின்றது. ஆனால் மறுநாள் பார்த்தால் அடுப்பின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டாள், வயர் அவிழ்ந்திருந்தது. குற்றம் மாவில் இல்லை என்று ஆகிவிட்டதே. சாப்பாட்டு மேசையில், "உங்க அண்ணன்கிட்ட தண்ணி வேணுமானு கேளுங்க அண்ணி" என்பாள் என்னிடம். எனக்கா அண்ணன்? கோபத்தில் உறவுமுறையே மாறிப்போனது.

திருடினவருக்குச் சமையலறையில் இடமில்லை. தூவுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் அடுப்படித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கரகரவென்று தூவினேன். இவர் கூடத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் விரலில் குத்தினாள். நூற்று முப்பது. "பாத்தீங்களா? நாள் பூரா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு காவல் இருந்தோம்ல, அதான்" என்றாள் என்னைப் பார்த்து. இவர் நெற்றி சுருங்கினதை நான் பார்த்தேன். அந்த எண்ணைக் கேட்டு அவர் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனிமேல் என் அண்ணனுக்கு ஒரு துண்டுகூட விற்காதீர்கள் என்று பேக்கரிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை, விடுவேனா? ஆனால் சண்டை நடக்கவில்லை. பேக்கரிக்காரர் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே திருப்பிக் கேட்டார்.

"யாரு, வாட்ச்காரரா? அவர் இந்தப் படி மிதிச்சே ரெண்டு மாசம் ஆச்சும்மா. நீங்க அடுப்பு வாங்கின நாள்லேர்ந்து வரலை. எங்கிட்ட ஏதாவது கோவமானு நானே கேக்கணும்னு இருந்தேன்."

வேறு கடையில் வாங்கியிருக்கலாம் என்றேன் நான். கண் தெரியாமல் தனியாக எங்கே போவார் என்றாள் அவள். கடைக்கே பக்கத்துக் கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டாள். "திங்கலைன்னா அந்த முந்நூறு எங்கேர்ந்து வந்துச்சு? தின்னாருன்னா எப்படித் தின்னாரு?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, படியிடம் கேட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் மெஷினைக் கையில் எடுத்தாள். மெஷினே கெட்டுவிட்டதோ என்று பார்க்க வேண்டும், அதற்கு விடை தெரிந்த ஒரு ரத்தம் வேண்டும். எனக்குச் சர்க்கரை கிடையாது, வருஷா வருஷம் அவளேதான் பார்த்துச் சொல்கிறாள். மத்தியானத்துக்கு மேல் நான் ஒன்றும் சாப்பிடவும் இல்லை. "கையைக் குடுங்க அண்ணி" என்றாள். எனக்கு ஊசி என்றால் ஆகாது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் குத்திவிட்டாள்.

இருநூற்றுத் தொண்ணூறு.

அவருக்கு நூற்று முப்பது, எனக்கு இருநூற்றுத் தொண்ணூறா? கட்டின பாவத்துக்கு அவர் சர்க்கரை எனக்கு இடம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். இனி எனக்கும் கண், எனக்கும் முள்கரண்டி, எனக்கும் அந்த ஜில்லென்ற கிரீம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயடிக்குப் போய் முகத்தை அலம்பிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் என் அழுகையைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு தடவை என்று இன்னொரு விரலைப் பிடித்தாள்.

தொண்ணூற்று நாலு.

ஒரு முகம் அலம்புகிற நேரத்தில் இருநூறு எங்கே போயிற்று? அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். நான் தூவினதில் பாதி மேசையில்தான் கிடந்தது, நான் அவரைப் போல் அளந்து தூவுகிறவள் இல்லை. தன் சுட்டுவிரலை அந்த வெள்ளைத் தூளில் ஒற்றி எடுத்தாள், ஸ்பிரிட் பஞ்சால் வழக்கம்போல் துடைத்தாள், குத்திக்கொண்டாள். முந்நூற்றுச் சொச்சம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி குத்திக்கொண்டாள். நூறுகூட இல்லை.

குளுக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு குளுக்கோஸ் அளந்திருக்கிறோம். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமே தவிர இதைக் கழுவிவிடாது. லேபுக்கு வருகிறவர்கள் யாரும் விரலில் குளுக்கோஸ் பொடி பூசிக்கொண்டு வருவதில்லை, அதனால் அவளுக்கு அது தோன்றவில்லை. கையை நனைக்காத மனுஷர் அவர், அதனால் அது போகவும் இல்லை. மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று அடையாளத்துக்குப் போட்ட பொடி. அவர் வாய்க்குள் போகாததால் அதை ஒரு மாற்றமாகவே அவள் கணக்கில் வைக்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன், எனக்குச் சர்க்கரை இல்லை என்று தெரிந்த நிம்மதி வேறு. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்ப அவர் திங்கவே இல்லை" என்றாள். கூடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார், ஆனால் எழுந்து வரவில்லை.

மறுநாள் காலையில் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்புப் போட்டுக் கை கழுவவைத்து, நரம்பிலிருந்து அவளே ரத்தம் எடுத்தாள். மூன்று மாதச் சராசரியும் பார்த்தாள். அந்தத் தாளோடு மூன்று பேரும் கண் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே வலக்கண்ணைச் செய்துவிடலாம் என்றார். என்ன செய்து குறைத்தீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். என் நாத்தனார் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் வெளியே இருந்த நோயாளிகள் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள். நல்லவேளை, அவள் மனசு அங்கே இல்லை.

சீட்டு எழுதி வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் நடுவில், இவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ராத்திரியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்ததை அங்கேதான் கேட்டாள்.

"ஏன்ணா பொய் சொன்னே?"

இவர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசின நீளமான பேச்சு அதுதான். "அன்னைக்கு நீ அந்த வயரைச் சுருட்டிக் கட்டினே பாப்பா. அப்பா போனப்ப உன் காலேஜ் புஸ்தகத்தையெல்லாம் இப்படித்தான் கயிறு போட்டுக் கட்டினே. முதல் வருஷம்கூட முடியலை. நான் கடை போடணும்னு நீ வேலைக்குப் போனே. நான் பாத்துக்கிட்டு நின்னேன், வேணாம்னு சொல்லலை. ரெண்டாந்தடவையும் சும்மா நிக்கச் சொல்றியா?"

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருக்கிறேன், அவள் காலேஜுக்குப் போனாள் என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. அவள் என்ன படித்தாள் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அழுதாள். சத்தமில்லாமல், கையால் துடைக்காமல், அப்படியே விட்டுவிட்டு அழுதாள். இவருக்கு அவள் அழுவது தெரிந்ததோ இல்லையோ, முழங்கையால் அவளை லேசாக இடித்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆபரேஷனே நின்னு போயிருக்கும், தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியும் என்றார்.

"இனிமே எங்கிட்ட பொய் சொல்லாதே."

"சரி" என்றார். "அப்ப ஒண்ணு சொல்லட்டா? அந்த பஃப் நல்லாவே இல்லை பாப்பா" என்றார்.

இரண்டு மாசமாகத் தினம் ஒன்று, ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் தின்ற மனுஷர். அவளோ கண்ணில் நீர் நிற்க அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எது? ஓடா, கிரீமா?"

"ரெண்டும்" என்றார்.

"ரெண்டும்னா எப்படி? முதல்ல ஓட்டைச் சொல்லு" என்றாள் அவள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.